இங்கிலாந்துக் கோடையில் ஒரு பூச்சடை

1

"அங்கே வீட்டுக்கு வீடு பூந்தோட்டமாமே, கோடை வந்தால் கண்கொள்ளாக் காட்சியாமே, நம் வாசகிகளுக்கு அதைப் பற்றி எழுதுங்களேன்" என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். ஆனால் உருகி உருகி எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் அது என்னால் ஆகாது. போன கோடை முழுக்க நான் பூக்களோடுதான் குடித்தனம் பண்ணினேன். இப்போது பூ என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நந்தியாவட்டையும் பவழமல்லியும் நான் பிறப்பதற்கு முன்பே இருந்தன. யாரும் அவற்றைத் தேர்ந்தெடுத்து வைத்ததாக நினைவில்லை. வாளித் தண்ணீரில் மிச்சத்தை வேரில் கொட்டினால் பூத்துக்கொண்டிருக்கும். இங்கே கோடைப்பூ என்றால் பெரும்பாலும் ஒரு வருஷத்துச் செடி. மார்ச் மாதம் ஜன்னலோரம் விதை போட வேண்டும். மே கடைசியில் பனி விட்டதும் தரையில் நட வேண்டும். ஜூலையில் பூ. அக்டோபரில் உறைபனி விழுந்ததும் அத்தனையும் கறுத்துக் கூழாகிவிடும். அந்தக் கூழைக் கையால் அள்ளும்போது ஒரு நாற்றம் வரும் பாருங்கள், ரங்கா! அடுத்த மார்ச்சில் மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கு இவர்கள் பண்ணுகிற ஆர்ப்பாட்டம் இருக்கிறதே! உயரமானது பின்னால், குட்டை முன்னால், நீலத்துக்குப் பக்கத்தில் எது, ரோஸுக்குப் பக்கத்தில் எது என்று கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். இவ்வளவும் பார்த்து வளர்த்து, முழ நீளக் காம்போடு வெட்டி, ஜாடியில் சொருகிக் கூடத்தில் வைப்பார்கள். தலையில் வைத்துக்கொள்வதில்லை. சாமிக்குச் சாத்துவதில்லை. ஜாடித் தண்ணீர் அழுகி, வீடு முழுக்கச் சாக்கடை வாடை வருகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்கள். கண்ணராவி.

2

நாங்கள் இங்கே வந்தது அறுபத்து மூன்றில். என் கணவருக்கு ஒரு பாய்லர் தொழிற்சாலையில் வேலை. எங்கள் ஒரே பெண் பத்மாவுக்கு அப்போது இரண்டு வயது. போன கோடையில் அவளுக்கு ஏழு முடிந்து, செப்டம்பரில் ஜூனியர் ஸ்கூலுக்குப் போக வேண்டியிருந்தது.

அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற தலைமுடி. என் கையால் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து வளர்த்தது. இந்த ஊர்க் குளிரில் அது எளிதில் காயாது. அடுப்புக்கு முன்னால் உட்கார்த்திவைத்து மணிக்கணக்காகக் காய வைப்பேன். பள்ளிக்கூடத்தில் பின்னால் உட்காரும் பெண்கள் அதைப் பிடித்து இழுப்பார்களாம், எண்ணெய் வாடை என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். தினமும் குளிக்காமல் வாரம் ஒருமுறை சோப்பு நுரையில் முங்கி எழுகிறவர்களுக்கு என் பெண்ணின் தேங்காயெண்ணெய் நாறுகிறதாம்!

மார்ச் மாதம் ஒருநாள் சாப்பிடும்போது பத்மா சொன்னாள்.

"அம்மா, ஜூனியர் ஸ்கூல் போறதுக்குள்ள எனக்கு ஹேர் கட் பண்ணணும்."

"என்னடி உளறறே?"

"உளறலை. ஐ மீன் இட்."

எங்களிடம் தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பது அவள் வழக்கம். கோபம் வந்தால் தொடக்கமும் இங்கிலீஷ்தான். நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் சாத்தமுது சாதத்தைப் பிசைந்துகொண்டே, "வெட்டிவிடேன். தலை காயவே மாட்டேங்கறது. மாசத்துக்கு ரெண்டு ஜலதோஷம்" என்றார்.

"ஏன்னா, நன்னாருக்கு நீங்க பேசறது! தலை வாரறவ நானா நீங்களா?"

"வாரறவ நீ. தலை அவளோடதில்லையோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்குப் பயம். பேச்சு போய்விட்டது. ரசத்தைக் கண்டால் முகம் சுளிக்கிறாள். பாவாடை கட்டினால் அழுகிறாள். பார்த்தால் நம்முடையவள் என்று சொல்ல மிச்சமிருந்தது அந்த ஒரு சடைதான். அதுவும் போனால் நான் எந்தக் குழந்தையைப் பெற்றேன் என்றே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் பத்மாவிடம் ஒரு பேரம் பேசினேன். ஒரே ஒரு தடவை அவள் சடையில் பூத் தைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது. அதற்கப்புறம் அவள் இஷ்டப்படி வெட்டிக்கொள்ளலாம்.

"ப்ராமிஸ்?" என்றாள்.

"சத்தியமா."

என் மனசுக்குள் வேறு கணக்கு. பூத் தைத்த சடையோடு கண்ணாடியில் தன்னைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கு வெட்ட மனசு வரும்? மலைத்துப்போய் நிற்பாள், வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

3

கோடையில் பெண் குழந்தைக்குப் பூத் தைப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் எப்படி இருக்கும் என்று தைத்துக்கொண்டவளைக் கேளுங்கள்.

ஐம்பத்தொன்றில் எனக்கு ஒன்பது வயது. சத்திரம் பக்கத்துப் பூக்கடையிலிருந்து அப்பா தாமரை இலைப் பொட்டலத்தில் மல்லிகை மொக்கு வாங்கி வந்தார். அத்தை என்னை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வாழைப்பட்டையைச் சடைக்குப் பின்னால் வைத்துக் கோணி தைக்கிற மாதிரி தைத்தாள். நடுநடுவே கனகாம்பரம். ஓரத்தில் மருக்கொழுந்து. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு முடியை இழுப்பாள். அசைந்தால் தொடையில் ஒரு கிள்ளு. சித்திரை வெயிலில் ஜட்கா வண்டியில் பாலம் தாண்டித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போவதற்குள் மொக்கிலிருந்த எறும்பெல்லாம் கழுத்தில் இறங்கிவிட்டது.

ஸ்டூடியோக்காரருக்கு எல்லாம் தெரியும். ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் என்னை நிறுத்தினார். முகம் இந்தப் பக்கம், சடை கண்ணாடிக்குள்.

"பாப்பா, இங்க பாருங்க. அழாதீங்க. கண்ணு சிறுத்துப் போயிரும்."

அழுதேன். எறும்பு கடிக்கிறது என்று கத்தினேன். காலை உதைத்தேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "மானத்தை வாங்கறாளே" என்றாள். கடைசியில் ஒரு படம் எடுத்தார்கள். அதில் என் முகம் வீங்கின இட்லி மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அதோடு விட்டார்களா? பிரிக்கக் கூடாதாம், ஊருக்கெல்லாம் காட்ட வேண்டுமாம். குப்புறப் படுத்துத் தூங்கினேன். காலையில் பூவெல்லாம் பழுப்பாகி, வேர்வையும் எண்ணெயும் கலந்து ஒரு நாற்றம். அத்தை பிரிக்கும்போது நூலோடு முடியும் கொத்தாக வந்தது.

ஊரில் எல்லாமே மணந்தது என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். என் மூக்கு எனக்குத் தெரியும். இருந்தும் அதையே என் பெண்ணுக்குப் பண்ண வேண்டும் என்று ஏன் தோன்றியது என்றால், அதைத் தவிர அவளுக்குப் பண்ண எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

4

இங்கே மல்லிகைக்கு எங்கே போவது? திருவெறும்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஈரத் தேங்காய் நாரில் சுற்றிப் பதியன் கொண்டுவந்தார். கப்பலிலிருந்து இறங்கும் இடத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டு, வெளிநாட்டு மண்ணும் பூச்சியும் ஆகாது என்று எரித்துவிட்டார்கள். அதற்கு ஒரு ரசீது வேறு. ஊரிலிருந்து கொண்டுவந்த வாடாமல்லி விதை முளைத்தது. முளைத்து, மூன்று இலை விட்டு, மழையில் நனைந்து, அடியில் அழுகிச் சாய்ந்தது. ஆக, இந்த ஊர்ச் செடிகளில்தான் ஒரு கதம்பம் தேற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டு டோரிஸ் என்ற அம்மாள்தான் எனக்கு வாத்தியார். ரிட்டயரான பள்ளிக்கூட ஆசிரியை. தோட்ட வேலை என்றால் உயிர். நான் எதற்காக வளர்க்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னாலும் புரியாது. பூவைப் பார்த்தால் மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சுகிற ஜாதி அவள். ஒருநாள் பெருமாளுக்கென்று தட்டில் பறித்து வைத்திருந்த பூவை எடுத்து மூக்கில் தேய்த்து, "ஆகா" என்றாள். ஆகாவாம்! முகர்ந்த பூவைப் பெருமாளுக்கு எப்படிச் சாத்துவேன்? அவள் போனதும் தட்டோடு குப்பையில் கொட்டினேன்.

மல்லிகைக்குப் பதில் வெள்ளைக் குட்டை ஆஸ்டர். இதழ் கெட்டி, வெட்டினாலும் வாடாது. கனகாம்பரத்துக்குப் பதில் பொத்தான் அளவு ஆரஞ்சு ஜினியா. காஸ்மாஸ் பூ தொட்டால் உதிரும், ஆனால் அதன் இலை தவனம் மாதிரி நூல் நூலாக இருக்கும். வாசனைக்கு ஸ்வீட் பீ. அது ஒரு சோம்பேறிப் பூ, பறித்த கொஞ்ச நேரத்தில் தலையைத் தொங்கப் போட்டுவிடும், கடைசி நேரத்தில்தான் தைக்க வேண்டும். துலுக்கச் சாமந்தி நன்றாக வரும் என்று டோரிஸ் தலையில் கட்டப் பார்த்தாள். அந்த வாடை எனக்கு ஆகாது என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டேன். நீலப் பூ ஒன்று கட்டாயம் வேண்டும், அப்போதுதான் ஆரஞ்சு எடுபடும் என்று அவள் கார்ன்ஃப்ளவர் விதையைக் கொடுத்தாள். தலையில் நீலமா என்று முகம் சுளித்தேன். ஆனால் அதில் அவள் சொன்னதுதான் சரி.

உரமும் அவள்தான் கொடுத்தாள். மாவு மாதிரி இருந்தது. வெறுங்கையால் அள்ளி அள்ளித் தூவினேன். விரலிடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. பத்மா பையைத் திருப்பிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா! மீன், ரத்தம், எலும்பு! நெஜமா! அதான் இதுல இருக்கு!"

சீ! அன்றைக்குப் பகலில் நான் எத்தனை தரம் குளித்தேன் என்று கேட்காதீர்கள். கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. சாதம் பிசையப் பிடிக்காமல் ஸ்பூனால் சாப்பிட்டேன். அதோடு அந்தத் தோட்டத்துப் பூ பெருமாளுக்கு இல்லை என்றாகிவிட்டது.

அதுதான் போகட்டும் என்றால், ஓடில்லாத நத்தைகள். விரல் தடிமன், சளி மாதிரி வழவழப்பு. ஓரிரவில் ஜினியா நாற்றில் பாதியைத் தின்றுவிட்டன. அதற்கு டோரிஸ் ஒரு வைத்தியம் சொன்னாள். கிண்ணத்தில் பீரை ஊற்றிச் செடிக்கடியில் வைத்தால் குடிக்க வந்து மிதக்குமாம். "என் தோட்டத்துல சாராயக் கிண்ணமா?" என்று கத்தினேன். இவர் சத்தம் போடாமல் ஒரு பாட்டில் வாங்கிவந்து வைத்துவிட்டார். காலையில் போய்ப் பார்த்தேன். அதை எழுத மாட்டேன். உங்களில் யாராவது சாப்பிட்டுக்கொண்டே படிப்பீர்கள்.

5

ஜூலை நடுவில் செடியெல்லாம் மொக்கு வைத்தது. சடையைத் தைத்துப் பார்த்துக் கை பழக்கிக்கொள்ளலாம் என்று ஒருநாள் சாயங்காலம் மூங்கில் கூடை இல்லாத குறைக்கு ரொட்டிக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மொக்காகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளினேன். காம்பில்லாமல், தலை மட்டும். ஆஸ்டர், ஜினியா, கார்ன்ஃப்ளவர் எதையும் விடவில்லை. கூடை நிறைந்தது. மொக்கைச் சாயங்காலம் பறித்துக் கட்டி வைத்தால் இருட்டியதும் விரியும். இது எனக்குப் பால் குடிக்கிற வயசிலிருந்து தெரியும். ஒரு தலையணையில் நீளமாக நூலால் தைத்து, ஈரத்துணி மூடி வைத்தேன்.

காலையில் துணியை எடுத்தால் தலையணையில் சுண்டைக்காய் தைத்த மாதிரி இருக்கிறது. ஒன்றுகூட விரியவில்லை. மல்லிகை விரியும் என்பதற்காக உலகத்துப் பூவெல்லாம் விரிய வேண்டுமா என்ன? எனக்கு அது தோன்றவே இல்லை. நம்மூரில் எவளுக்குத் தோன்றும்?

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் டோரிஸின் அலறல் கேட்டது. வெளியே ஓடினேன். மொட்டைத் தோட்டத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யார் இப்படிச் செய்தது? தெருப் பையன்களா? போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

"நான்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாலு மாதம் விதை கொடுத்து, நாற்று கொடுத்து, கடைசியில் பைத்தியக்காரியிடம் கொடுத்துவிட்டோமே என்ற பார்வை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பத்மா மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்ததும், "அம்மா, அப்போ பூ கிடையாதா? போட்டோ கிடையாதா? நேரா ஹேர் கட்டா?" என்றாள்.

"பூக்கும், பூக்கும். ஓடு" என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை. அவள் மூஞ்சி விழுந்துவிட்டது.

பூத்தது. கிள்ளின இடத்திலெல்லாம் பக்கக்கிளை விட்டு, ஆகஸ்ட் கடைசியில் முன்னைவிடப் பொத்துக்கொண்டு பூத்தது. டோரிஸ் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, கிள்ளினால் அப்படித்தான் ஆகும் என்று தனக்குத் தெரியும் என்றாள். அவளிடம் வாயைக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை.

6

ஸ்கூல் திறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவில் நேரம் கேட்டு வைத்திருந்தோம். கடைத்தெருவில் கல்யாணமும் கைக்குழந்தையும் படம் எடுக்கிற ஒரு மனிதர். முன்னாலேயே போய் விஷயத்தைச் சொன்னேன். "குழந்தையின் முதுகை எதற்கம்மா படம் எடுக்க வேண்டும்?" என்று கேட்டார். கண்ணாடி வேண்டும் என்றேன். முகச்சவரம் பண்ணுகிற கையகலக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். தலையில் அடித்துக்கொண்டேன்.

காலையில் விரிந்த பூவாகப் பறித்தேன். ஒவ்வொரு ஜினியாவுக்குள்ளும் ஒரு பூச்சி ஒளிந்திருந்தது. பழுப்பு நிறம், வால் நுனியில் இடுக்கி. இயர்விக் என்பார்கள். காதுக்குள் புகுந்துவிடும் என்று இந்த ஊரிலேயே ஒரு பயம் உண்டு. ஒவ்வொரு பூவாக மேஜையில் தட்டித் தட்டி உதிர்த்தேன். உதிர்ந்தது ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் ஊறியது.

பத்மாவை முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்தேன். வாழைப்பட்டைக்குப் பதில் கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா அட்டை. இழுத்துப் பின்னி, வரிவரியாகத் தைத்தேன். அவள் கத்துவாள், கிள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மூச்சுக்கூட விடவில்லை. பட்டுப்பாவாடை கொடுத்தேன். பேசாமல் கட்டிக்கொண்டாள். கை தூக்கச் சொன்னால் தூக்கினாள், திரும்பச் சொன்னால் திரும்பினாள். ஆகா, வழிக்கு வருகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். வெள்ளையும் ஆரஞ்சும் நீலமும், உச்சியில் ஸ்வீட் பீயுமாக, ஐயோ, அப்படி ஒரு சடையை என் அத்தைகூடத் தைத்ததில்லை.

இவர் அலமாரிக் கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஏறுகிறவர் இறங்குகிறவரெல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். பத்மா தலையைக் குனியவில்லை.

ஸ்டூடியோவில் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, அவளை முன்னால் நிறுத்தினேன். நான் காமிராவுக்குப் பக்கத்தில் நின்றேன். எதிரே அவள் முகம், பின்னால் கண்ணாடிக்குள் சடை. சிரி, அசையாதே என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் காமிராத் துணிக்குள் தலையை விட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடிக்குள், பூவிலிருந்து ஒரு பூச்சி வெளியே வந்து பத்மாவின் பிடரியில் இறங்கியது. நின்றது. இடுக்கி வாலைத் தூக்கிக்கொண்டு காதுப் பக்கம் ஏறத் தொடங்கியது. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் எதிரே இருந்த அவள் முகம் கண்ணில் பட்டது. அவளுக்குத் தெரிந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, இமைக்கவில்லை. உதட்டில் அந்த மனிதர் கேட்ட சிரிப்பு அப்படியே இருந்தது. விளக்கு பளிச்சிட்டது. இன்னொரு முறை பளிச்சிட்டது. அவர் துணியிலிருந்து தலையை எடுத்து, "இவ்வளவு நல்ல குழந்தையை நான் பார்த்ததில்லை" என்றார்.

ஓடிப்போய்க் காதோரத்திலிருந்து அதைத் தட்டிவிட்டேன். தரையில் விழுந்ததைச் செருப்பால் தேய்த்தேன். அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஏண்டி, சொல்லப்படாதோ? கத்தப்படாதோ?"

"மூவ் பண்ணினா போட்டோ சரியா வராது" என்றாள். "அப்பறம் நீ இன்னொரு தடவைம்பே."

இவர் கண்ணாடியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே வந்த அருவருப்பு இருக்கிறதே, அந்த உரத்துக்கு வரவில்லை, அந்தக் கிண்ணத்துக்கு வரவில்லை.

பத்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு கடை தள்ளியிருந்த முடி வெட்டும் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, பெண் குழந்தைக்கு முடி வெட்டக் கூடாது. போனேன். நாற்காலியில் உட்கார வைத்து, அங்கேயே நூலை வெட்டி வெட்டிப் பூவையெல்லாம் உருவினேன். தரையெல்லாம் பூ. கடைக்காரப் பெண் அவள் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுக் கத்திரிக்கோலோடு என் பக்கம் திரும்பி, எவ்வளவு வெட்டட்டும் என்று கேட்டாள்.

"அவளைக் கேளுங்கள்" என்றேன்.